தானமாகக் கொடுத்த ஒன்றரை ஏக்கர்

ஆத்தப்பனுக்கு அவருடைய அப்பா விட்டுப்போன நிலத்தில் விற்காமல் மிஞ்சியவை இரண்டு துண்டுகள். ஒன்று வீட்டை ஒட்டிய மூன்று ஏக்கர். இன்னொன்று ஊர்ப் பள்ளிக்கூடம் நிற்கும் ஒன்றரை ஏக்கர். இரண்டாவதை அவர் விற்காததற்கு ஒரே காரணம், அது அவருடையது இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அப்பா அதைப் பள்ளிக்கூடத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் மூன்று ஏக்கரைப் பற்றி ஆத்தப்பன் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. பேச்செல்லாம் அந்த ஒன்றரை ஏக்கரைப் பற்றித்தான்.

சாரதாமணி அந்தப் பேச்சைக் கல்யாணமான மறுநாள் விருந்திலேயே கேட்டாள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று அவளுடைய பெரியப்பா கேட்டதற்கு, "பள்ளிக்கூடத்துக்கு எடம் குடுத்த குடும்பமுங்க" என்று ஆத்தப்பன் பதில் சொன்னார். கேட்டது அதுவல்லவே என்று அவளுக்கு அப்போது தோன்றியது. முப்பது வருஷம் கழிந்தும் அவர் என்ன செய்கிறார் என்பதற்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

இடையில் பல்லடம் ரோட்டுப் பூமி போனது. கிணற்றோடு தோட்டம் போனது, நெற்களமும் அதோடு போனது. பனியன் கம்பெனி நடத்தப் போகிறேன் என்று வாங்கிய நிட்டிங் மிஷின்கள் ஓடியதைவிட நின்றதே அதிகம். கடைசியில் பழைய இரும்பாகப் போயின. மகன் சதீஷ்குமார் புத்திசாலி. படிப்பு முடிந்ததும் நெருப்பெரிச்சலுக்குப் போய்ச் சொந்தமாகக் கம்பெனி வைத்து, அப்பாவைக் கூட்டாளியாகச் சேர்க்காமல் பிழைத்துக்கொண்டான்.

மிஷின் நின்ற தகரச் செட்டில் இப்போது சாரதாமணி வேலை நடத்துகிறாள். திருப்பூரில் தைத்த பனியன்களை வேன் கொண்டுவந்து குவித்துவிட்டுப் போகும். மருதாளும் இன்னும் சில பெண்களும் காலை நீட்டி உட்கார்ந்து பிசிறு வெட்டுவார்கள். தையலில் தொங்கும் நூலைச் சின்னக் கத்திரியால் நறுக்கி, கறையும் ஓட்டையும் பார்த்து, மடித்து அடுக்க வேண்டும். வேலை முடியும்போது தலையெல்லாம் நூலாக இருக்கும். சோற்றில்கூட ஒரு நூல் கிடக்கும். அந்த வீட்டில் உலை கொதிப்பது இந்தப் பிசிறில்தான். ஆத்தப்பன் அதை விருந்தாளிகளிடம், "பொழுது போகோணுமல்லங்க அவுளுக்கு" என்று விளக்குவார். அவருடைய சட்டையை வெள்ளையாக வைத்திருக்கும் சோப்பும் அந்தப் பொழுதுபோக்கிலிருந்து வந்ததுதான் என்று சாரதாமணி சொன்னதில்லை. சொன்னால் புரியும் ஆளிடம் சொல்லலாம்.

தினமும் பிரேயர் மணி அடிக்கும்போது அந்த வெள்ளைச் சட்டையோடு ஆத்தப்பன் பள்ளிக்கூடத்துக்குள் போவார். அவருக்கென்று ஒரு நாற்காலி வேப்பமரத்தடியில் போடப்படும். பிள்ளைகளின் வரிசை கோணலாக இருக்கிறது என்பார். மத்தியானம் சத்துணவுக் கூடத்தில் சாம்பாரை ருசி பார்ப்பார். ருசி பார்க்க ஒரு முட்டையும் தேவைப்படும். அதுவரை இருந்த தலைமையாசிரியர்கள் எல்லாரும் நாற்காலியைப் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார். தொல்லையை உட்கார வைத்துவிட்டால் நடமாடாது என்பதுதான் அவர்கள் கணக்கு.

போன ஆனியில் அன்புசெல்வி தலைமையாசிரியையாக வந்தாள். தாராபுரம் பக்கம். வந்த வாரமே ஊரில் நான்கைந்து பேர், "டீச்சருக்கு எந்த ஊருங்க?" என்று விசாரித்தார்கள். தாராபுரம் என்று தெரிந்த பிறகும் விடாமல் விசாரித்தார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஊர் இல்லை. தெரிந்துகொண்டபின் அவள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காமல் பேசப் பழகிக்கொண்டார்கள்.

அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பள்ளி விட்டபின் சாயங்காலம் கேட்டைத் திறந்து வைத்து, இளவட்டங்கள் வாலிபால் ஆடவும், பெண்கள் நடைபழகவும் விட்டாள். இருட்டுக் கட்டியதும் பூட்டிவிடுவாள். பள்ளி நடக்கும் நேரத்தில் மட்டும் வெளியாள் கூடாது. ஆத்தப்பன் முதல் நாள் போனபோது நாற்காலி இல்லை. நின்று பார்த்துவிட்டு வந்து, "புதுசு, போகப் போகத் தெரிஞ்சுக்குவா" என்று வீட்டில் சொன்னார்.

தை கடைசியில் மூன்று ஏக்கர் மக்காச்சோளம் அறுத்தாயிற்று. வாங்குகிறவன் ஈரம் காயாமல் எடுக்கமாட்டேன் என்றான். களம்தான் இல்லையே. வழக்கமாக லீவு நாளில் பள்ளி மைதானத்தில் கொட்டிக் காயவைப்பார், யாரும் கேட்டதில்லை. இந்த முறை டிராக்டர் கிடைத்தது திங்கட்கிழமை. அவர் காத்திருப்பாரா? பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த மைதானத்தில் டிராக்டரை விட்டுச் சோளத்தைச் சரித்தார். விளையாட்டுப் பீரியடில் நின்ற ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கிளறிப் பரப்பச் சொன்னார்.

அன்று மத்தியானம் அரிசியும் பருப்பும் சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்தபடியே தன் வீரத்தைச் சொன்னார்.

"வந்தா பாரு, விசுக்கு விசுக்குன்னு. இப்பவே அள்ளுங்கங்கறா. எங்க பசங்களை ஆரைக் கேட்டு வேலைக்கு உட்டீங்கங்கறா. எங்க பசங்களாமா! அந்தப் பசங்களோட அப்பனாத்தாளெல்லாம் எங்க காட்டுல கெடந்தவங்கதான்னு சொன்னேன். எங்கப்பன் போட்ட பிச்சைல நின்னுக்கிட்டு எனக்கே சட்டம் சொல்றயான்னு கேட்டேன். வாயே தொறக்குல."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? போயிட்டா."

மீதியைச் செட்டில் மருதாள் சொன்னாள். அவளுடைய பேத்தி ஏழாவது படிக்கிறாள்.

"அதுக்கப்பறம் டீச்சரு பண்ணாடிகிட்ட ஒண்ணுமே பேசுலீங்க ஆத்தா. புள்ளைங்களைக் கூட்டீட்டுப் போயிக் கை கழுவ உட்டாங்களாமா. சோளத்துச் சொணை பட்டு என்ற பேத்திக்குக் கையெல்லாம் தடிச்சுப் போச்சுங்க. தேங்காண்ணெ தடவி உட்டாங்களாமா." கத்திரி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "அவ ஆத்தா பனியன் கம்பெனில கை மடிக்கறா, அப்பன் சாயப்பட்டறைல நிக்கறான். இவளாச்சும் வெய்யல்ல நிக்காம இருக்கட்டும்னுதானுங்க பள்ளிக்கோடத்துக்கு அனுப்பறது."

சாரதாமணி அடுத்த பனியனை எடுத்துக் கறை பார்த்தாள்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. பள்ளி நேரத்தில் வளாகத்துக்குள் வர உங்களுக்கு இதுவரை இருந்த அனுமதி திரும்பப் பெறப்படுகிறது, சோளத்தைச் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. "அனுமதியாமா! எனக்கு!" என்று ஆத்தப்பன் வாசலில் நின்று கத்தினார். மறுநாள் காலை, கேட்டில் புதுப் பூட்டு. கடப்பாறையால் நெம்பிப் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போனார். பிரேயருக்கு நின்ற பிள்ளைகள் அலறிச் சிதறின. ஆபீஸ் ரூமுக்குப் போன அன்புசெல்வியை வாசலில் மறித்து நின்று, "எங்க போற, போலீசுக்கா? கூப்புடு, எந்த போலீசு என்னயத் தொடுதுன்னு பாக்கறேன்" என்றார். அவள் நின்ற இடத்திலேயே போனை எடுத்துக் கூப்பிட்டாள்.

எந்தப் போலீஸ் தொடும் என்று பார்க்க ஆத்தப்பன் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து இட்லி கேட்டார். மூன்றாவது இட்லியில் பழைய பஞ்சாயத்துத் தலைவர் அருள்செல்வன் போன் செய்தார். கோழிப்பண்ணைக்காரர், ஸ்டேஷனில் பழக்கம் உண்டு. அத்துமீறி நுழைந்தது, பூட்டை உடைத்தது, அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் மறித்தது என்று கேஸ் போட்டுவிட்டார்கள், கடைசியாகச் சொன்னதில் ஜாமீன் கிடைப்பது கஷ்டம் என்றார். ஆத்தப்பன் கையைக் கழுவினாரா என்றுகூடச் சாரதாமணிக்கு நினைவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பின்பக்கம் கோழிப்பண்ணை வழியாக ரோட்டுக்குப் போய்த் தாராபுரம் பஸ் ஏறினார். அங்கே அவருடைய அக்காள் ரங்காத்தாள் வீடு இருக்கிறது.

போலீஸ் வந்தபோது எஸ்.ஐ. வாசலிலேயே நின்றார். தெற்கத்திக்காரர். "எங்கம்மா உங்க வீட்டுக்காரரு?"

"வெளியூரு போயிருக்கறாருங்க."

"எந்த வெளியூரு?"

"தெரியலீங்க." பொய் நாக்கில் எளிதாகத்தான் வந்தது. "அது அவுங்கப்பா குடுத்த எடமுங்க. அந்த நெனப்புல போயிட்டாருங்க."

"கொடுத்தாச்சுல்லாம்மா? கொடுத்தப் பொறவு அவருக்கும் எனக்கும் ஒண்ணுதான். நானே கேட்டுத்தான் உள்ள போறேன்." ஒரு நம்பரைச் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொன்னார். "வந்தா தகவல் சொல்லுங்க."

அன்று முதல் ரங்காத்தாள் வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. சக்கரை மாத்திரையைக் கொடுத்துவிடு. இங்கே தலகாணி உயரம் சரியில்லை, என் தலகாணியைக் கொடுத்துவிடு. ஏழு பனியனாவது வேண்டும், கை வைத்ததாகப் பார். எந்தப் போலீஸ் தொடும் என்று கேட்ட மனிதர் தலகாணிக்கு ஆள் அனுப்பச் சொல்கிறார். சாரதாமணி கொடுத்துவிட்டாள்.

அருள்செல்வன் சமாதானத்துக்குக் கிளம்பினார். "நீயும் வாம்மா, பொம்பளைக்குப் பொம்பளை பேசுனா எறங்கி வருவா" என்று அவளைக் காரில் ஏற்றினார்.

தானம் கொடுத்த வீட்டு மருமகள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போனதே இல்லை. சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற ஆத்தப்பன் போவார். பெண்கள் எதற்கு என்று விட்டுவிட்டுப் போவார். கேட்டில் நின்ற ஆயா, பேரெழுதிவிட்டு உள்ளே போகச் சொன்னாள். அருள்செல்வன் கேட்காததுபோல நடந்தார். சாரதாமணி நின்று எழுதினாள்.

மைதானத்தில் சோளம் அப்படியே கிடந்தது. காலம் தப்பிய ஒரு மாசி மழை இரண்டு நாளைக்கு முன்னால் கொட்டிவிட்டுப் போயிருந்தது. புளித்த வாடை வந்தது. பிள்ளைகள் ஓரமாக ஒதுங்கிச் சுவரை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தன.

அன்புசெல்வி எழுந்து நின்று வரவேற்றாள். நாற்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. தண்ணீர் வந்தது. அருள்செல்வன் டம்ளரைப் பார்க்கவே இல்லை. சாரதாமணி எடுக்கலாமா என்று நினைத்தாள். அவர் பக்கத்தில் இருக்கிறாரே என்று எடுக்கவில்லை. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"கவர்மெண்டு பள்ளிக்கோடம்னா பொது எடந்தானுங்க டீச்சர்?" என்றார் அருள்செல்வன். "பொது எடத்துல ஆரு வேணா வரலாம், போலாம். அதுக்குப் போயிக் கேசா?"

"கலெக்டர் ஆபீசும் பொது எடந்தானுங்க. அங்க போயிச் சோளம் காயப்போடுவீங்களா?"

"அதும் இதும் ஒண்ணுங்களா?"

"ஒண்ணில்லீங்க. அங்க இருக்கறவங்க பெரியவங்க, ஒதுங்கிக்குவாங்க. இங்க ஆறு வயசுக் கொழந்தைங்க ஓடீட்டு இருக்குது. சாயங்காலம் ஊருக்கே தொறந்துதான் உட்ருக்கறேன். பொழுதோட வாங்க, நடங்க, வெளையாடுங்க, ஆரும் கேக்க மாட்டாங்க. பள்ளிக்கோடம் நடக்கறப்ப உள்ள ஆரு வரலாம்னு சொல்றது என்ற வேலைங்க. நாளைக்கு ஒரு கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கப்பன் குடுத்த எடம்னு அவரு வந்து பதில் சொல்லுவாருங்களா?"

"செரி, என்னதான் பண்ணோணுங்கறீங்க?"

"அவரு வரட்டும். வேலை வாங்குன கொழந்தைங்ககிட்ட ஒரு வார்த்தை, தப்புன்னு சொல்லட்டும். நானே ஸ்டேஷனுக்கு வந்து பேசறேன்."

அருள்செல்வன் சிரித்தார். "பசங்ககிட்டயா? ஆத்தப்பனா?" நடக்கிற காரியமாகப் பேசுங்கள் என்று எழுந்துவிட்டார்.

சாரதாமணி எழவில்லை. "டீச்சர், அந்தச் சோளத்தை அள்ளிக்கட்டுங்களா?"

"போலீஸ் போட்டோ எடுத்துட்டாங்க. எடுத்துக்கங்க. பள்ளிக்கோடம் விட்டப்பறம் வாங்க."

சாயங்காலம் சாக்கோடு போனாள். மருதாளைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் வந்திருப்பாள், அதனாலேயே கூப்பிடவில்லை. அடியில் இருந்தது முளைவிட்டிருந்தது. கூடையால் அள்ளி அள்ளி, குனிந்த இடுப்பு நிமிரவில்லை. சுற்றிலும் வாலிபால் ஆடினார்கள், பெண்கள் நடந்தார்கள். "ஐயோ, நீங்க போயி" என்று நின்று பரிதாபப்பட்டுவிட்டு நடையைத் தொடர்ந்தார்கள். மேலாகக் கிடந்த சோளம் கொஞ்சம் தேறியது. மற்றது மாட்டுக்கும் ஆகாது.

அன்று போனில் நிபந்தனையைச் சொன்னாள். ஆத்தப்பன் குதித்தார். "அந்தப் பொடுசுககிட்டயா? நானு? எங்கப்பன் பேரு என்னாவறது?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அருளு ஒரு வழி சொல்லியிருக்கறான். நாளைக்கு ஊட்டுக்கு வருவான். மருதாளை ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு. அந்த டீச்சரு மாத்தலாயிப் போயிருவா, அதோட முடிஞ்சுது."

மறுநாள் அருள்செல்வன் நேராகச் செட்டுக்கே வந்தார். பெண்கள் நீட்டிய காலை மடக்கினார்கள். கையில் டைப் அடித்த மனு.

"மருதா, இங்கொரு கையெழுத்துப் போடு."

"என்ன எழுதிருக்குதுங்க?"

"டீச்சர் உன்ற பேத்திய அடிச்சுக் கையெல்லாம் தடிச்சுப் போச்சுன்னு. அதான் தடிச்சிருந்துதல்லொ?"

"அது சோளம் கெளறித் தடிச்சதுங்க. அந்தம்மா எண்ணெ தடவித்தான் உட்டாங்க."

"உன்னைய நாயம் கேட்டனா? போடு."

மருதாள் கத்திரியைக் கீழே வைத்தாள். அவரைப் பார்க்கவில்லை, சாரதாமணியைப் பார்த்தாள். "போடறனுங்க. போடாட்டி இங்க வேலை இருக்காதுன்னு தெரியுமுங்க. ஆத்தா ஒரு வார்த்தை சொல்லட்டும், போட்டறேன்."

குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஆனால் அந்தப் பார்வையைச் சாரதாமணி அறிவாள். முப்பது வருஷமாகச் சோறு போடும்போதும் சட்டையை மடித்து வைக்கும்போதும் அவள் ஆத்தப்பனைப் பார்த்துவந்த பார்வை அதுதான். வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் அவரிலிருந்து தான் வேறு என்று நினைத்திருந்தாள். மருதாளுக்கு அப்படி ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்கவில்லை.

"வேண்டாம்" என்றாள். "நீ வேலையைப் பாரு." பிறகு அருள்செல்வனிடம் திரும்பினாள். "எடுத்துட்டுப் போங்கண்ணா."

"என்ன சாரதா, விவரம் இல்லாம பேசற? உன்ற புருசனை உள்ள வெச்சுப்போடுவாங்க."

"வெக்கட்டுங்க."

அருள்செல்வன் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இந்த ஒருத்திதான் ஊருல இருக்கறாளா? எந்தப் பண்ணைல சொன்னாலும் கையெழுத்துப் போட ஆள் வரும். நாளைக்குக் காத்தாலைக்கு மனு கல்வி ஆபீசுல இருக்கும், பாரு."

அவர் சொன்னது உண்மை. அவருடைய கோழிப்பண்ணையிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், எல்லாருக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கார் சத்தம் தேய்ந்ததும் சாரதாமணி தலையிலிருந்த நூலைத் தட்டிவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனாள்.

எஸ்.ஐ. சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்திருந்தபோது பயமாகத்தான் இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று இருமுறை எழுந்தாள். நாளைக் காலை அந்த மனுவை வைத்துக்கொண்டு அன்புசெல்வியை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்ததும் மறுபடி உட்கார்ந்தாள்.

"என்னம்மா, வக்கீலோட வருவியன்னு பாத்தேன்" என்று கை துடைத்துக்கொண்டே வந்தார் எஸ்.ஐ.

"தாராபுரத்துல இருக்கறாருங்க. எங்க நங்கையா, அவரோட அக்கா ஊட்டுல. அமராவதிப் பாலம் தாண்டி, ரைஸ்மில்லுக்கு எதுத்தாப்பல. ரங்காத்தாள் ஊடுன்னா ஆரும் காட்டுவாங்க."

எஸ்.ஐ. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீங்களே சொல்லுதியளே?"

"அன்னிக்குத் தெரியலீன்னு சொன்னது பொய்யிங்க. இன்னொண்ணும் இருக்குதுங்க. டீச்சர் கொழந்தைய அடிச்சுதுன்னு ஒரு மனு வரும். ஆரு கையெழுத்துப் போட்டு வந்தாலும் அது பொய்யி. என்ற கண்ணு முன்னால அருள்செல்வண்ணன் அதைத் தூக்கீட்டு வந்தாருங்க. எங்க வேணாலும் வந்து சொல்றனுங்க." எழுந்தவள் நினைவு வந்து நின்றாள். "மத்தியானமாப் போங்க. சாப்புட்டுத் தூங்கீட்டு இருப்பாரு. ஓட மாட்டாரு."

தூங்கிக்கொண்டுதான் இருந்தார். ஜீப்பில் ஏறும்போது அக்காளிடம் மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். மனு வரவில்லை, எஸ்.ஐ. அருள்செல்வனுக்கு ஒரு போன் செய்ததோடு அது சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. அன்புசெல்விக்கு மாறுதல் ஒன்றும் வரவில்லை. ஆத்தப்பன் சில நாள் உள்ளே இருந்தபின், மகன் சதீஷ்குமார் வக்கீல் வைத்து ஜாமீன் எடுத்தான். பள்ளிப் பக்கம் போகக் கூடாது என்பது ஜாமீனில் ஒரு நிபந்தனை. உறவுக்காரர்கள் யார் காட்டிக்கொடுத்தது என்று ஒரு வாரம் பேசினார்கள். ரங்காத்தாள் போன் செய்து சாரதாமணியின் பிறந்த வீட்டையும் சேர்த்துத் திட்டினாள். திட்டி முடிக்கும்வரை அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

ஆத்தப்பன் ஒரு மத்தியானத்தில் வீடு திரும்பினார். கன்னம் ஒட்டியிருந்தது, தாடி வெளுத்திருந்தது. யாரையும் பார்க்காமல் போய்க் குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சாரதாமணி தட்டு வைத்துச் சோறு போட்டாள். தட்டைப்பயிறுக் குழம்பு ஊற்றினாள். அவர் தலைகுனிந்து அதை முழுவதும் சாப்பிட்டார். மறுசோறு விழுந்ததும் கை நின்றது.

"ஆரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நல்லதுங்க" என்றாள். "ரசம் ஊத்தட்டுங்களா?"

ஆத்தப்பன் விரல்களால் சோற்றின் நடுவில் குழி பறித்துக் காட்டினார்.